ஊர்ல எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கு

அம்மா பிறந்தது செக்கானூரணிக்கு மேற்கே, கண்மாயை ஒட்டிய ஒரு ஊரின் காலனியில்.

இது கட்டுரையின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மருத்துவமனைக் கட்டிலில் ஒருநாள் மதியம் கஞ்சி குடித்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு நினைவு மலர் போடுவீங்கள்ல?"

"இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு?"

"போடுவீங்க. நீ பத்திரிகைக்காரி, போடாம இருக்க மாட்ட. மொத வரியில காலனின்னு எழுது. 'மதுரைக்கு அருகில் எழில்மிகு கிராமம்'னு பூசி மெழுகுன, எந்திரிச்சு வருவேன்."

எழுதிவிட்டேன். முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களில் சிலருக்கு அந்த வரி உறுத்தலாம். உறுத்தட்டும் என்றுதான் அம்மா சொன்னார்.

அம்மாவின் பெற்றோருக்கு நிலம் கிடையாது. ஊர்க்காரர்களின் வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள். கூலி வாங்கப் போனால் அந்த வீடுகளின் பின்வாசலில் நிற்க வேண்டும். அதே வீடுகளுக்குள் முன்வாசல் வழியாக அம்மா நுழைந்தது, அரசு விடுதியில் தங்கிப் படித்து, கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்கு வந்த பிறகு. பிரசவ வலி கண்ட வீட்டில் வாசல் பார்க்க நேரம் இருப்பதில்லை. குழந்தை பிறந்து, அழுது, எல்லோரும் சிரித்த பிறகு, அம்மாவுக்கு மட்டும் காபி தனி டம்ளரில் வரும். அம்மா அதைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "சீனி தூக்கல்" என்பார். தாயையும் பிள்ளையையும் பார்க்க மறுநாளும் போவார். மறுநாளும் சீனி தூக்கலாகத்தான் இருக்கும்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனர். திருமணத்துக்குப் பிறகு இருவரும் மதுரைக்கு வந்தார்கள். முதலில் ஆரப்பாளையத்தில் பேருந்து நிலையச் சத்தம் இரவெல்லாம் கேட்கும் ஓர் அறை. பிறகு வில்லாபுரத்தில் மாடி வீடு. நான் பிறந்தது அங்கேதான்.

இந்த நகரத்தில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒன்று தெரியும். யாரும் நேரடியாகச் சாதியைக் கேட்பதில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் வந்துவிட்டது. "சொந்த ஊர் எது?" என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மலரும். "அட, நமக்குப் பழக்கமான ஊராச்சே. ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். கோயில் தெருவா, கடைத்தெருவா, கண்மாய்க்கரையா என்று விசாரிப்பார்கள். பேச்சு முடியும்போது கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள். கேட்ட மாதிரியே இருக்காது.

வில்லாபுரத்தில் அப்பா, "உசிலம்பட்டி ரோட்டுப் பக்கம்ங்க" என்று சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அந்தப் பாதி உண்மையில் எங்கள் குடும்பம் இரண்டு தீபாவளி கண்டது. பிறகு ஒருநாள் பெரியப்பா கடலைக்காய்ப் பையோடு எங்களைப் பார்க்க வந்தார். வாசலில் வீட்டுக்காரர் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். பெரியப்பாவுக்கு நகரத்துப் பேச்சு தெரியாது. "காலனிதாங்கய்யா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். வந்தவர் ஊர் திரும்பிச் சேர்வதற்குள் வீட்டுக்காரரின் மகளுக்குத் திடீரென்று எங்கள் போர்ஷன் தேவைப்பட்டது.

காலி செய்த அன்று, வண்டியில் பீரோவை ஏற்றிக் கயிறு கட்டும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாராம்: "பொய் சொல்லியும் வெளியதான் நிக்கிறோம். இதுக்கு உண்மையைச் சொல்லிட்டு உள்ள போகாமயே நின்னுருக்கலாம்." அம்மாவின் பிற்கால முடிவுகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனையூரில் மனை வாங்கி, கீழே எங்களுக்கு ஒரு வீடு கட்டினார்கள். மாடி கட்டும் முன்பே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு அலுவலகம் கொடுத்த தொகை வந்தபோது, அம்மாவின் தம்பி, என் மாமா, நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

"அக்கா, பேசாம பேங்க்ல போட்டுட்டு வட்டிய வாங்கித் தின்னு. குடிவைக்கிறதெல்லாம் தலைவலி."

"பேங்க்ல போட்டா வட்டி வரும்டா. யாராச்சும் வந்து கதவத் தட்டி 'வீட்டுக்காரம்மா'ன்னு கூப்பிடுவாங்களா?"

அந்த ஒரு சொல்லுக்காக அம்மா கடனும் வாங்கி, மாடியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு போர்ஷன்கள் கட்டினார்.

தலைவலி என்று மாமா சொன்னது மட்டும் சரி. வாடகை என்பது உட்கார்ந்த இடத்தில் வரும் காசு என்று பேசுபவர்கள் ஒரு வருஷம் ஒரு வீட்டைக் குடிவைத்துப் பார்க்கலாம். முதல் கோடையிலேயே போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப் போனது. லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு வாசலில் காத்திருந்தது அம்மா, மேலே இருந்து "இன்னைக்கும் தண்ணி இல்லியா?" என்று குரல் கொடுத்தது குடியிருந்தவர்கள். அடைமழைக்கு மேற்குச் சுவரில் ஓதம் ஏறியது. கட்டிய மேஸ்திரி போனை எடுக்கவில்லை. ஒரு குடும்பம் டைல்ஸில் ஆணி அடித்தது. ஒருவர் மூன்று மாதம் வாடகை தராமல், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு விடியும் முன் போய்விட்டார். அவர் விட்டுப்போன துளசிச் செடிக்கு அம்மா தண்ணீர் ஊற்றினார். "செடி என்ன செஞ்சிச்சு?" என்றார்.

இதெல்லாம் எந்த வீட்டுக்காரருக்கும் உள்ளது. அம்மாவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருந்தது. அது, மாடியின் முன் போர்ஷன் காலியான வருஷம் முழு அளவில் தெரிந்தது.

அது வரை பெரும்பாலும் அம்மாவின் வேலை வழியாகவோ அப்பாவின் நண்பர்கள் வழியாகவோ தெரிந்தவர்களே குடிவந்தார்கள். இந்த முறை தெரிந்தவர்கள் யாரும் இல்லை. 'வீடு வாடகைக்கு' என்று கேட்டில் போர்டு தொங்கவிட்டோம். ஆட்கள் வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சமையலறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கீழே இறங்கி வந்து அம்மாவிடம், "உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?" என்றார்கள். குடிவருகிறவர்களைத்தான் வீட்டுக்காரர்கள் இந்தக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்திருந்தோம். வீட்டுக்காரரையும் குடிவருகிறவர்கள் கேட்பார்கள் என்பதை அந்தக் கோடையில் தெரிந்துகொண்டோம்.

அம்மா ஊரைச் சொல்வார். அடுத்த கேள்விக்கு இடம் வைக்காமல், "காலனி" என்றும் சொல்லிவிடுவார்.

அதன் பிறகு தண்ணீர் உப்பாக இருப்பது அவர்களுக்குத் தெரியவரும். படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். ஒருவருக்கு வாசல் தெற்கே பார்த்திருந்தது. அந்த வாசல் கிழக்கே பார்த்தது என்று நான் சொன்னபோது, "அப்படியா, அப்ப என் நட்சத்திரத்துக்குக் கிழக்கு ஒத்துவருமான்னு பார்த்துட்டு வாரேன்" என்று போனார். தெற்கிலிருந்து நட்சத்திரத்துக்கு அவர் தாவியது பற்றி வெகுநாள் சிரித்தோம். சிரித்தாலும் வீடு காலியாகத்தான் கிடந்தது. அந்த வாடகையை நம்பித்தான் கடன் தவணை இருந்தது. இன்னும் சில மாதம் இப்படியே போனால் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை என்ற நிலை வந்தது.

வீட்டுத் தரகர் ஒருவர் யோசனையோடு வந்தார். கெட்டவர் அல்ல, தொழில் தெரிந்தவர்.

"அக்கா, கோவிச்சுக்கிராதீங்க. ஓனர் துபாய்ல இருக்காருன்னு சொல்லிக்கிறேன். நீங்க கீழ குடியிருந்து பாத்துக்கிறவங்கன்னு இருங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நான் வாட்ச்மேனா?"

"பேருக்குத்தான்க்கா."

மாமாவும் அவர் பக்கம்தான். "மானம் ரோசமெல்லாம் தவணை கட்டுமாக்கா? ரெண்டு வருஷம் கண்ண மூடிக்க."

"கண்ண மூடுனா சரி. வாயையும்ல மூடச் சொல்றீங்க" என்றார் அம்மா. தரகருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்.

தரகர் பாதியைத்தான் கேட்டுக்கொண்டார்.

பள்ளி திறக்கப் போகும் சமயம். அம்மா முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மொட்டை மாடித் தொட்டிக்குள் இறங்கிப் பாசி கழுவிக்கொண்டிருந்தார். கழுவ வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. தரகர் ஒரு கணவன் மனைவியை அழைத்து வந்தார். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார்கள். வீடு பிடித்துவிட்டது. அந்தப் பெண் மேலே வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஆயா, வீட்டுக்காரங்க துபாய்ல இருந்து எப்ப வருவாங்க?"

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வந்துட்டாங்களே."

"எங்க?"

"தொட்டிக்குள்ள நிக்கிறாங்க."

தரகர் படிக்கட்டில் இரண்டு படி கீழே இறங்கிக்கொண்டார். அம்மா கையைக் கழுவிவிட்டு வெளியே ஏறி வந்தார். கணவர் சமாளித்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். அம்மா வழக்கமான பதிலைச் சொன்னார்.

"நாங்க அதெல்லாம் பாக்கிறதில்லங்க" என்றார் கணவர்.

"பாக்கலைன்னா எதுக்கு சார் கேட்டீங்க?"

அவர்களுக்கு வேறு வீடு தேட நாள் இல்லை. குடிவந்தார்கள். அவர்களோடு கணவரின் வயதான தந்தையும் வந்தார். அவர்கள் பெயரை நான் எழுதவில்லை. இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும்.

அந்த வாரமே அம்மா பெயின்டரை வரச் சொல்லி கேட்டில் தொங்கிய பழைய போர்டை மாற்றி எழுதவைத்தார். மேலே அம்மாவின் முழுப் பெயர். அதன் கீழே 'கிராம சுகாதாரச் செவிலியர் (ஓய்வு)'. அதன் கீழே ஊர்ப் பெயரும் 'காலனி' என்பதும். கடைசியில்தான் 'வீடு வாடகைக்கு'. வீடு காலியாக இல்லாதபோது கடைசி வரியின் மேல் ஒரு தகட்டை மாட்டி மறைத்துக்கொள்ளலாம். மற்ற வரிகள் எப்போதும் தெரியும். மாமா அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

"ஊரே சிரிக்குது" என்று போனில் சொன்னார்.

"சிரிச்சா நல்லது. மாடி ஏறி எறங்கி அவங்களுக்கும் கால் வலி, எனக்கும் வாய் வலி. இனி கேட்லயே படிச்சிட்டுப் போயிருவாங்க."

குடிவந்தவர்கள் முறையாக வாடகை கொடுத்தார்கள். பண்டிகைக்கு அம்மா கொடுத்தனுப்பிய பலகாரத்தை வாங்கிக்கொண்டார்கள். அதைச் சாப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. பெரியவர் மட்டும் மாலையில் கீழே இறங்கி வந்து, வாசலில் நாற்காலி போட்டு, அம்மாவோடு தன் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார். அம்மா அவரைத் திட்டுவார். "ஜிலேபி தின்னுட்டு வந்து மாத்திரையக் குத்தம் சொல்லாதீங்கய்யா" என்று அதட்டுவது தெருவுக்கே கேட்கும்.

அந்தப் பெரியவர் மறுவருஷம் மழைக்காலத்தில் அரசு மருத்துவமனையில் இறந்தார்.

வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த நகரத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் உயிர் போனால் உடலை வீட்டுக்குக் கொண்டுவர வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. சாவு விழுந்த வீடு வாடகைக்குப் போகாது என்பார்கள். மருத்துவமனை வாசலிலிருந்து நேராகத் தத்தனேரி மயானத்துக்குப் போன எத்தனையோ பேரைப் பற்றி எனக்குத் தெரியும். மகன் மருத்துவமனையிலிருந்து வந்து எங்கள் கேட்டில் நின்றார். உள்ளேயும் வரவில்லை, கேட்கவும் முடியவில்லை.

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்தார். வழக்கமாக ஒன்றைத்தான் திறப்போம். என் ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னார்.

"அம்மா, அப்பாவை இங்க..." என்று இழுத்தார் மகன்.

"அவரு வீட்டுக்கு அவரு வர்றதுக்கு என்கிட்ட என்ன சார் அனுமதி? போய்க் கூட்டிட்டு வாங்க."

மாடிப்படி குறுகல். உடலை மேலே ஏற்ற முடியாது. எங்கள் முன்கூடத்தில், அம்மா தினமும் உட்காரும் இடத்தில் ஃப்ரீசர் பெட்டியை வைத்தோம். மின்சாரம் எங்கள் மீட்டரிலிருந்து. தெருவில் பந்தல் போட்டார்கள். திருச்சியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் அவர்கள் உறவினர்கள் வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் கேட்டில் இருந்த போர்டைப் படித்தார்கள்.

அதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது என் தொழில். போர்டைப் படித்த பிறகு சிலருடைய நடை மாறியது. சிலர் பந்தலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை, தெருவிலேயே நின்றார்கள். அம்மா காபி கொண்டுபோனபோது பெரும்பாலானவர்களுக்குத் தாகமில்லை. கடைசியில் அவர்கள் உறவில் மூத்தவர் ஒருவர் மகனைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் எல்லோருக்கும் கேட்டது.

"ஏப்பா, சடங்கு செய்யிற எடம் இதில்ல. பெட்டிய எடுத்து ரோட்டுல வைங்க. மத்ததை அங்க வச்சுச் செஞ்சுக்கலாம்."

அம்மா காபித் தட்டைக் கீழே வைத்தார்.

"எடுக்கிறதுன்னா எடுங்கய்யா. அது உங்க உரிமை, நான் குறுக்க நிக்கல. ஆனா அவரு இந்த வீட்டுல குடியிருந்தவரு. ரோட்டுல கெடந்தவரு இல்ல. எங்க இருந்து அனுப்பணும்னு அவரு மகன் சொல்லட்டும்."

மழை தூறிக்கொண்டிருந்தது. மகன் தன் மனைவியைப் பார்த்தார். முன்பு தொட்டிக்குள் எட்டிப் பார்த்து 'ஆயா' என்று கூப்பிட்ட அதே பெண். அவர் எழுந்து வந்தார். தரையிலிருந்த தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். அழுது வறண்ட வாயோடு அந்தக் காபியை நின்றபடி குடித்து முடித்தார். பிறகு மாமனாரின் பெட்டியைக் காட்டி, அந்த மூத்த உறவினரிடம், "மாமா இங்கதான் இருப்பாங்க" என்றார்.

சடங்குகள் எங்கள் முன்கூடத்தில் நடந்தன. கேட்டின் இரண்டு கதவுகளும் திறந்திருக்க, இறந்த பெரியவர் முன்வாசல் வழியாகப் போனார்.

இது எல்லோரும் மனம் மாறிய கதை அல்ல. தெருவில் நின்றவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டு ஊர் போனார்கள். பள்ளி ஆண்டு முடிந்ததும் அந்தக் குடும்பமும் வேறு வீடு பார்த்துப் போனது. பள்ளிக்குப் பக்கம் என்றார்கள், உண்மையாகவும் இருக்கலாம். வீட்டைக் கழுவித் துடைத்து ஒப்படைத்தார்கள். அம்மா அட்வான்ஸைக் குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார். போர்டிலிருந்த தகட்டைக் கழற்றினார். சாவு விழுந்த வீடு, காலனி வீடு. தரகர் தலையில் கை வைத்தார்.

"அக்கா, இப்ப ரெண்டு காரணம் ஆயிப்போச்சு."

"நல்லதாப் போச்சு தம்பி. பயப்படுறவங்க எதுக்குப் பயப்படுறோம்னு தெளிவாச் சொல்லிக்கலாம்."

வீடு அந்த முறையும் காலியாகக் கிடந்தது. ஆனால் விற்கவில்லை. அம்மா தவணைக்கு நகையை வைத்தார், பிறகு மீட்டார். அதற்குள் காலியான மாடியின் பின் போர்ஷனுக்கு வந்தவர்கள் போர்டைப் படித்துவிட்டு, அதற்காகவே வந்த ஓர் இளம் தம்பதி. இரு வேறு சாதிக்காரர்கள், வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்தவர்கள். எங்கும் வீடு கிடைக்காமல் எங்கள் கேட்டுக்கு வந்தார்கள். "இங்க கேள்வி எதுவும் இருக்காதுல்லம்மா?" என்று அந்தப் பெண் கேட்டார். "ஒரே கேள்விதான். துணி துவைக்கிற கல்லுல சோப்பு மிச்சம் வைப்பியா?" என்றார் அம்மா.

கடைசி வருஷத்தில் அம்மாவின் சிறுநீரகம் செயலிழந்தது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில், காரிலிருந்து இறங்கியதும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்பார். களைப்பு என்று நாங்கள் நினைத்தோம். போர்டில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது. "கா எழுத்து வெளுத்துப் போச்சு, பெயின்டரக் கூப்பிடு" என்பது அம்மா எனக்குச் சொன்ன கடைசி வேலைகளில் ஒன்று.

அம்மா தன் வீட்டில், தன் கட்டிலில், காலை நேரத்தில் இறந்தார். முன்கூடத்தில் அதே இடத்தில் வைத்தோம். மாடியில் முன்பு குடியிருந்த அந்தக் கணவனும் மனைவியும் வந்தார்கள். பந்தலில் நிற்கவில்லை, உள்ளே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் சமையலறைக்குப் போய் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டார். சீனி சரியாக இருந்தது.

அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், ஆம்புலன்ஸுக்கு அலைந்த பின் போர்ஷன் தம்பதிக்கும், கேட்காமலே ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த தரகர் அண்ணனுக்கும், கூப்பிட்டால் வந்த ஒரே பிளம்பருக்கும் எங்கள் நன்றி. கடைசி வரை அக்காவோடு சண்டை போட்டு, கடைசி வரை கூடவே இருந்த மாமாவுக்குத் தனியாக நன்றி.

மாமா இப்போதும் ஒரு யோசனை வைத்திருக்கிறார். மாடியின் முன் போர்ஷன் காலியாக இருக்கிறது. போர்டில் என் பெயரைப் போட்டு, 'ஆனையூர், மதுரை' என்று மட்டும் எழுதிவிட்டால் சீக்கிரம் ஆள் வரும் என்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

போன வாரம் பெயின்டர் வந்தார். 'கா' எழுத்தை மட்டும் புதிதாக எழுதிவிட்டுப் போனார். அம்மாவின் பெயர், வேலை, ஊர், காலனி எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீடு வாடகைக்கு இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் உப்பு, படிக்கட்டு செங்குத்து, வாசல் கிழக்கே. வேறு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், கேட்டிலேயே படித்துக்கொள்ளலாம்.